பூதனார் பாடிய அம்பா

புன்னைத்துறை என்ற கடற்கரை ஊரில் வழக்குத் தீர்க்கும் பொறுப்பைத் துறைத்தலைவர் உமையாளிடம் ஒப்படைத்திருந்தார். தன் விருப்பு வெறுப்பைத் தீர்ப்பில் கலக்காதவள் என்று அவளுக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றப்போய்த்தான் அவள் தவித்த தவிப்பெல்லாம் வந்தது.

ஊரின் சிவன் கோயில் கரையை ஒட்டியே இருந்தது. விடியற்பூசையில் பூதனார் யாழ் வாசிப்பார். அதே வேளையில், கூப்பிடு தூரத்தில், மீனவர்கள் கரைவலை இழுப்பார்கள். நீலாயி என்பவள் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுப்பாள். கயிறு பிடித்த அத்தனை பேரும் அதைத் திருப்பிப் பாடிக்கொண்டே இழுப்பார்கள். அந்த முழக்கத்தில் யாழ் எங்கே கேட்கும்? பல ஆண்டு பொறுத்துப் பார்த்த பூதனார், ஒருநாள் தலைவரிடம் முறையிட்டார்.

“இரண்டில் எது உயர்ந்த இசையோ, அது மட்டும் விடியலில் ஒலிக்கட்டும். மீறி மற்றதை ஒலிப்பவர் யாராயிருந்தாலும் ஊரை விட்டுப் போகவேண்டும். எது உயர்ந்தது என்பதை உமையாள் சொல்வாள்” என்று தலைவர் கைகழுவிவிட்டார்.

உமையாளுக்கு உள்ளூர ஓர் அச்சம். நாள்தோறும் அம்பாவைக் கேட்டுத்தான் அவள் கண்விழிப்பாள். யாழ் கேட்டால் அவளுக்குக் கொட்டாவி வரும். தன் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்திருந்ததால், சபையில் எழுந்து, “சொல்லப்படும் வாதத்தை மட்டுமே எடைபோடுவேன். என் காது சொல்வதைக் கேட்கமாட்டேன்” என்று சத்தியம் செய்தாள்.

பூதனார் நிதானமாகப் பேசினார். “யாழுக்கு இலக்கணம் உண்டு. ஒரு நரம்பு மயிரிழை இறங்கினாலும் இது தவறு என்று சுட்டிக்காட்ட முடியும். தவறு என்று ஒன்று இருந்தால்தான் சரி என்று ஒன்று இருக்கும். அம்பாவில் எதைத் தவறு என்பீர்கள்? தொண்டை உள்ளவரெல்லாம் கத்துகிறார்கள். தவறே இல்லாத இடத்தில் உயர்வு எப்படி வரும்?”

நீலாயி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். “பாட்டுக்கு என்னம்மா வாதம்? வலை வரணும்னு நாங்க பாடுறோம். சாமிக்குன்னு அவரு வாசிக்கிறாரு. எது ஒசத்தின்னு எனக்குச் சொல்லத் தெரியாது.”

ஒரு பக்கம் வாதம் இருந்தது, மறுபக்கம் இல்லை. யாழே உயர்ந்தது என்று உமையாள் தீர்ப்பளித்தாள். வீட்டுக்கு நடக்கையில் நெஞ்சு கனத்தது. நேர்மையாக நடந்தால் நெஞ்சு கனக்கத்தான் செய்யும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

மீனவர்கள் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு வாய்மூடி வலை இழுத்தார்கள். கடல் அமைதியாக இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. வாடைக்காற்று கிளம்பிய அன்று வலை கனத்து, அலை அதைப் பின்னோக்கி இழுத்தது. ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தார்கள். கயிறு சுண்டி, நீலாயியின் கணவன் சங்கனின் கையைச் சுற்றிக்கொண்டது. எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சில் இழுத்தாலொழியக் கயிறு தளராது. ஆளாளுக்குக் கூச்சலிட்டார்கள். நீலாயி கணவனின் தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குரலற்றுக் கிடந்தாள்.

பூசைக்கு வந்திருந்த உமையாள் கோயில் வாசலிலிருந்து இதைப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் யாழோசை சட்டென்று நின்றது. பூதனார் யாழைத் தரையில் வைத்துவிட்டு மணலில் இறங்கி ஓடினார். எத்தனையோ விடியலில் எரிச்சலோடு கேட்டுக் கேட்டு மனத்தில் தங்கிப்போன அந்த அம்பாவைத் தொண்டை கிழியப் பாடினார். இழுப்பவர்கள் ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு வாங்கிப் பாடினார்கள். கயிறு ஒன்றாக நகர்ந்தது, தளர்ந்தது. சங்கனை விடுவித்தார்கள். உயிர் பிழைத்தான், வலக்கை நசுங்கிவிட்டது.

மறுநாள் சபை கூடியது. “பாடினேன். மறுக்கவில்லை. வீட்டில் மூட்டை கட்டியாகிவிட்டது” என்றார் பூதனார்.

அப்போது நீலாயி முன்னால் வந்தாள். “அவரு பாடுனது அம்பாவே இல்லம்மா. தாளம் பின்னால போச்சு. மூச்சு விடவேண்டிய இடத்துல இழுத்தாரு, இழுக்கவேண்டிய இடத்துல விட்டாரு. எங்க பிள்ளைங்க அப்படிப் பாடுனா வைவோம். தப்பாப் பாடுனதுக்கு எதுக்கு ஊரைவிட்டு அனுப்புறது?”

 

 அந்தப் பாட்டுக்கு வலை அசைந்ததை உமையாள் கண்ணால் கண்டவள், காதால் கேட்டவள். அது அம்பா இல்லை என்று எப்படிச் சொல்வாள்? அம்பாதான் என்றால், ஓர் உயிரைக் காத்தவரை ஊரைவிட்டுத் துரத்தவேண்டும். தன் காதைக் கேட்கமாட்டேன் என்ற சத்தியம் வேறு குறுக்கே நின்றது.

கேட்பவர்களே, உமையாள் என்ன தீர்ப்புச் சொன்னால் முறையாகும்?

விடை இது. உமையாள் நீலாயியின் சொல்லை அப்படியே ஏற்றாள். பூதனார் தவறாகப் பாடினார் என்றால், அம்பாவிலும் தவறு உண்டு, அதைச் சுட்டிக்காட்ட ஆளும் உண்டு. அப்படியானால் யாழை உயர்த்திய வாதம் விழுந்தது. வாதம் விழுந்தால் அதன்மேல் நின்ற தன் முதல் தீர்ப்பும் விழுந்தது. இல்லாத தீர்ப்பை மீறியதாக ஒருவரைத் தண்டிக்க முடியாது. “பிழை என்னுடையது” என்று சபையில் சொல்லிப் பூதனாரைத் தண்டனையின்றி வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். வலை கரையேறியபின் பூசை தொடங்கட்டும் என்று ஏற்பாடாயிற்று. ஆனாலும் அவள் மனம் ஆறவில்லை. சில நாள் கழித்து நீலாயியின் குடிசைக்குப் போய், “உண்மையைச் சொல். அன்றைக்குத் தாளம் பின்னால்தான் போனதா?” என்று கேட்டாள். நீலாயி கணவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, “கை போன வீட்டுல வந்து பாட்டைப் பத்திக் கேக்குறீங்களேம்மா” என்றாள்.