ஒட்டுப் போர்வையும் நாலு தாய்மாமன்களும்

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே எனக்குச் சம்பந்தம் உண்டு. பண்டிகைக்குப் போனால் சோறு போடுகிறவர்கள் அவர்கள்தான். மேட்டுப்பாளையத்துக்குத் தெற்கே எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அறிவே இல்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது வெறும் பொறாமை. அறிவு இருக்கிறது. எடுத்துச் செலவழிக்கத்தான் மனசு வராது.

அங்கே வள்ளியாத்தாள் என்று ஒரு அம்மாள். மகள் பூங்கொடி தொட்டிலில் கிடந்த காலத்தில், அவளுக்கென்று ஒரு ஒட்டுப் போர்வை தைக்க ஆரம்பித்தாள். பழைய சேலைகளை அடுக்கி விரித்து, மேலே கலர் கலராகத் துண்டுத் துணிகளை வைத்துத் தைப்பார்களே, அதுதான். பாதி தைத்தபோது குழந்தைக்குப் பல் முளைத்தது, நிறுத்தினாள். மறுபடி எடுத்தபோது மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் மாடு கன்று போட்டது. அதற்கப்புறம் ஊசி காணாமல் போனது. ஊசி கிடைத்தபோது பூங்கொடி கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். நடுப்பகுதி மட்டும் தைத்து, நாலு பக்கமும் ஓரம் முடியாமல், இருபத்து மூன்று வருஷம் அந்தப் போர்வை ட்ரங்குப் பெட்டியில் கிடந்தது.

இப்போது பூங்கொடிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கோத்தகிரிக்காரர். நிச்சயத்தன்று சம்பந்தி மாசிலாமணி இலையில் உட்கார்ந்ததிலிருந்து பாயசம் வரைக்கும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார். எங்கள் ஊர்க் குளிர் சாதாரணக் குளிர் இல்லை, மூத்த மருமகள் கடைப் போர்வையோடு வந்தாள், அது ஒன்றுக்கும் உதவவில்லை, நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன் என்றார். கேட்கக் கேட்க வள்ளியாத்தாளுக்குப் பொறுக்கவில்லை.

"என்ற பொண்ணு வீட்டுலயே தச்ச போர்வையோட வருவாளுங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பெட்டியில் பாதியில் கிடந்த போர்வை ஞாபகம் வந்தது. போர்வை இல்லாமல் மகள் போனால், மூத்தவளுக்கு விழுந்த பேச்சு இவளுக்கும் விழும். அதுவும் வருஷக் கணக்கில் விழும்.

கல்யாணத்துக்கு ஐந்தே நாள். அவளோ உறவுக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கப் போக வேண்டும். புருஷன் குழந்தைசாமியிடம் போர்வையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவருக்குக் கொஞ்சம் விவரம் உண்டு. அதனாலேயே அந்த வீட்டில் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. வள்ளியாத்தாள் தன் நாலு தம்பிகளையும் கூப்பிட்டாள். பெரியவன் சென்னியப்பன், அடுத்தவன் நாச்சிமுத்து, அதற்கடுத்தவன் திருமூர்த்தி, கடைசி காரியப்பன்.

"டேய், நல்லாக் கேட்டுக்குங்க. வீட்டுல இருக்கற பழைய துணி ஒண்ணு விடாம போர்வையில சேத்துப்போடுங்க. கல்யாணத்துக்கு எடுத்த புது வேட்டியை முகூர்த்தத்துக்கு முன்னால யாரும் கட்டப்படாது. சுத்தி உக்காந்து, மடியில போட்டுத் தைங்க, முடியற வரைக்கும் எந்திரிக்கப்படாது. தச்ச இடத்துல கத்திரி படவே கூடாது. நான் மாப்பிள்ளை வீட்டு வேன்லயே வந்துருவேன்."

நாலு தம்பிகளும் இதை மறக்காமல் இருக்க ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆளுக்கு ஒரு சொல். பழைய துணி சென்னியப்பன் பொறுப்பு. புது வேட்டி நாச்சிமுத்து. எழுந்திருக்கக் கூடாதது திருமூர்த்தி. கத்திரி காரியப்பன். வேன் விஷயத்தை வைத்துக்கொள்ள ஆள் மிச்சமில்லாததால் அதை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

முதலில் பழைய துணி எது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. சென்னியப்பன் திண்டில் சாய்ந்துகொண்டு யோசித்தான்.

"நேத்துக் கட்டுனது பழசா, புதுசா?"

"நேத்துங்கறதே பழசுதானுங்கண்ணா" என்றான் காரியப்பன்.

"அப்ப இன்னைக்குக் கட்டிக்கிட்டிருக்கறது?"

"நாளைக்குப் பழசாயிருமுங்க."

"அப்ப நாளைக்கு வெட்டிக்கலாம்" என்றான் சென்னியப்பன். மற்றவர்களுக்கு அண்ணனை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அப்படியே நடந்தது. சட்டை, துண்டு, தலையணை உறை, ஜன்னல் திரை எல்லாம் கத்திரிக்கு இரையாகின. குழந்தைசாமி கட்டியிருந்தது போக, அவருடைய ஏழு வேட்டியும் போயின. அவர் தோளில் கிடந்த துண்டை, அவர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே உருவினார்கள். பூங்கொடி மட்டும் தன் துணிகளைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். சோளக்காட்டுப் பொம்மையின் சட்டையும் வந்தது. அது வீட்டுத் துணியா, காட்டுத் துணியா என்று அரை நாள் வாதம் நடந்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் இரண்டு லுங்கி போனதற்கு அப்புறம், அந்தத் தெருவில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

துண்டுகள் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று உள்ளங்கையை அளவாக வைத்தார்கள். ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு அளவு. கடைசியில் திருமூர்த்தியின் கைதான் பெரிது, அதையே வைத்துக்கொள்வோம் என்று முடிவானது. மூன்று பேரும் அவனுடைய ஒரே கையைத் துணிக்குத் துணி இழுத்துக்கொண்டு போனதில், மூன்றாம் நாள் அவனுக்குத் தோள் இறங்கிவிட்டது. நாட்டு வைத்தியர் வந்து ஏற்றிவிட்டுப் போனார். போகும்போது தன் பையைக் கட்டியிருந்த துணியைக் காணோம் என்று கொஞ்ச நேரம் தேடினார்.

இப்போது வீட்டில் பழைய துணியென்று மிச்சம் இருந்தவை, நாலு பேர் இடுப்பிலும் குழந்தைசாமி இடுப்பிலும் இருந்த வேட்டிகள்தான்.

"ஒண்ணு விடாமன்னு அக்கா சொல்லுச்சு" என்று சென்னியப்பன் கவலைப்பட்டான். "இதையும் சேக்கோணுமே."

"இதை வெட்டிப்போட்டா எதைக் கட்டறது? புதுசை முகூர்த்தத்துக்கு முன்னால கட்டப்படாது" என்றான் நாச்சிமுத்து. இரண்டு சொல்லும் மோதிக்கொண்டதால், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், கூடத்தில் போர்வையை விரித்து, பக்கத்துக்கு ஒருவராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஓரத்தை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே தைத்தார்கள். கை வேலையில் அந்தக் குடும்பத்தைக் குறை சொல்லவே முடியாது. ஊசியை அழுத்திக் குத்தி, அடி வரைக்கும் இறக்கி, இழுத்து முடிச்சுப் போட்டார்கள். மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு நாலு ஓரமும் முடிந்தது.

"முடிஞ்சுதுடா! இனி எந்திரிக்கலாம்" என்று திருமூர்த்தி தன் சொல்லை அவிழ்த்துவிட்டான்.

நாலு பேரும் எழுந்தார்கள். போர்வையும் எழுந்தது.

ஆளாளுக்கு இடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். மடியில் போட்டுத் தைத்ததில், போர்வை ஓரத்தோடு நாலு வேட்டியும் சேர்ந்து தைக்கப்பட்டிருந்தது. அதுவும் இரட்டைத் தையல்.

சென்னியப்பன்தான் முதலில் சிரித்தான். "இப்பத்தான்டா அக்கா சொன்னது முழுசாச்சு. ஒரு பழைய துணி விடல!"

வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த குழந்தைசாமி, "மாப்பிளே, வேட்டியை அவுத்துப்போட்டு வெளிய வந்துருங்கடா" என்றார்.

"வந்துட்டு எதைக் கட்டறதுங்க மச்சான்?" என்று நாச்சிமுத்து கேட்டான். "புதுசு நாளைக்குக் காலையில முகூர்த்தத்துக்குத்தான்."

"அப்ப அந்தத் தையலைக் கத்திரிங்க."

"தச்ச இடத்துல கத்திரி படப்படாதுங்க" என்று காரியப்பன் கண்டிப்பாகச் சொன்னான். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "பல்லு கத்திரியில சேராது. பல்லால கடிக்கறதுன்னா எனக்கு ஆட்சேபணை இல்லீங்க" என்றான். நாலு பேரும் அவரவர் இடுப்பைக் கடிக்கக் குனிந்து பார்த்தார்கள். ஒருவனுக்கும் எட்டவில்லை.

திருமூர்த்திக்குத் தாகம். தண்ணீர்க் குடம் சமையலறையில். நாலு பேரும் போர்வையின் நடுவைப் பார்த்து நின்றதால், அவன் முன்னால் நடந்தால் எதிரில் இருந்த சென்னியப்பன் பின்னால் நடக்க வேண்டும்.

"நான் பொறந்ததுலிருந்து பின்னால நடந்ததில்ல" என்றான் சென்னியப்பன். "பெரியவன்னு ஒரு மரியாதை வேண்டாமா?"

"அப்ப நீங்க முன்னால நடங்கண்ணா, நான் பின்னால வர்றேன்."

அப்படி நடந்ததில் சமையலறைக்குப் பதிலாக வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். குழந்தைசாமி சட்டென்று கூடத்துக்குள் ஒதுங்கிக்கொள்ள, போர்வை நிலைப்படியில் வகையாக மாட்டிக்கொண்டது. இரண்டு பேர் உள்ளே, இரண்டு பேர் வெளியே. அந்த நேரம் பார்த்துத் தெருவில் வேன் வந்து நின்றது.

வேனிலிருந்து வள்ளியாத்தாள் இறங்கினாள். பின்னாலேயே சம்பந்தி மாசிலாமணி இறங்கினார். வழியெல்லாம் அவள் அவரிடம் போர்வையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கோவ், முடிஞ்சுது!" என்று நாலு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

வள்ளியாத்தாள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். தம்பிகளைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள். இந்தக் கல்யாணம் இதோடு போச்சு, நாளைக்குக் காலையில் பெண்ணை மணையில் உட்கார வைக்க யாரும் வரப்போவதில்லை என்றே நினைத்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து ஓடிவந்த பூங்கொடியும் அப்படியே நின்றுவிட்டாள்.

மாசிலாமணி கிட்டே போனார். போர்வையைத் தடவினார். காரியப்பனின் இடுப்புப் பக்கம் கையைக் கொடுத்து இழுத்துப் பார்த்தார். காரியப்பன் வந்தான், தையல் வரவில்லை. குனிந்து உள்ளே பூந்து, அந்தப் பக்கம் போய் சென்னியப்பனையும் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏனுங்கம்மா" என்றார் வள்ளியாத்தாளிடம். "எங்கூர்க் காத்துல போர்வை கட்டில்ல நிக்கறதே இல்லீங்க. காலையில பாத்தா கீழ கிடக்கும். கல்லு வெச்சுப் பாத்தோம், கயிறு போட்டுக் கட்டிப் பாத்தோம், ஒண்ணும் ஆகல. பக்கத்துக்கு ஒரு ஆளை வெச்சுத் தைக்கோணும்னு எங்க யாருக்கும் தோணலீங்களே! என்ன மூளைங்க உங்களுக்கு!"

வள்ளியாத்தாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஏதோ எங்களால ஆனதுங்க" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணுங்க. சொன்னா மனசுல வெச்சுக்கப்படாது" என்று மாசிலாமணி தலையைச் சொறிந்தார். "எங்க கட்டில் நல்ல நீளமுங்க. நீளவாக்குல ஒரு ஆள் போதாது, நடுவுல தூக்கிக்கும். அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு, இன்னும் ரெண்டு பேர் இருந்தா அம்சமா இருக்கும்."

குழந்தைசாமி அதுவரைக்கும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நின்றது. நாலு மைத்துனர்களும் அவர் வேட்டியையே பார்த்தார்கள்.

"ஏனுங்க" என்றாள் வள்ளியாத்தாள், "நம்ம பொண்ணுக்காவத்தானுங்க. இப்படி வந்து உக்காருங்க."

அவர் வாசலைப் பார்த்தார். வாசலைப் போர்வை அடைத்திருந்தது. பெருமூச்சு விட்டு, கூடத்துப் பக்கம் உட்கார்ந்து, ஓரத்தை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எல்லாத்தையும் பொண்ணு வீட்டுக்காரங்க தலையிலயே கட்டறது நாயமில்லீங்க. ஒரு ஆள் நாங்க போடறோம்" என்று சொல்லிக்கொண்டே மாசிலாமணியும் வெளிப்பக்கம் சம்மணம் போட்டு, பட்டு வேட்டியை நன்றாக விரித்துவிட்டு, ஊசிக்குக் கையை நீட்டினார்.

பூங்கொடிக்கு அழுகையே வந்துவிட்டது. "மாமா, எனக்குக் குளிரே தெரியாதுங்க மாமா! சத்தியமா போர்வையே வேண்டாமுங்க!"

மாசிலாமணி நூலை எச்சில் தொட்டு ஊசியில் கோத்துக்கொண்டே மருமகளை அன்போடு நிமிர்ந்து பார்த்தார்.

"எப்படிக் கண்ணு குளிரும்? அதுதான் ஆறு பேர் இருக்கமே!"