பதினோராவது ஓலை

செம்பியாறு என்று ஒரு சின்ன நாடு. கஜானாவில் காற்றுதான் அடிக்கும். ஆனால் ராஜா இளஞ்சிங்கவர்மருக்கு ஆசை மட்டும் ஆகாயமளவு. ஊருக்கு நடுவில் ஒரு வைத்தியக் கலாசாலை கட்டினார். வாசலில் 'உலகத்து மாணவர் அனைவரும் வருக' என்று கல்லில் வெட்டி வைத்தார். வெட்டி ஏழு வருஷமாச்சு. உலகத்திலிருந்து ஒரு ஈ கூட உள்ளே நுழையவில்லை.

நுழைய விட்டால்தானே! வாசலில் ஓலைநாயகம் வீரபத்திரர் உட்கார்ந்திருந்தார். விண்ணப்பம் சரிபார்க்கிற அதிகாரி. உள்ளூர்க்காரன் வந்தால் பேரைச் சொன்னால் போதும். வெளிநாட்டான் வந்தால் பதினோரு ஓலை கேட்பார். அதில் கடைசி ஓலைதான் கழுத்தறுப்பு. 'இவரை எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும்' என்று நம் நாட்டு அதிகாரி ஒருவர் கைப்பட எழுதித் தர வேண்டும். கப்பலை விட்டு இறங்கினவனை இங்கே எந்த அதிகாரிக்குத் தெரியும்?

"அது அவன் கவலை" என்பார் வீரபத்திரர், வெற்றிலையை மடித்தபடி.

அரசவை விகடர் கொழுந்தப்பர் ஒரு நாள் அந்த வழியாகப் போனார். வாசற்படியில் ஓர் இளைஞன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். பவழத்தீவுக்காரன், பேர் சூரியகீர்த்தி.

"எங்கே தம்பி கிளம்பிட்டே?"

"ஊருக்கு ஐயா. பத்து ஓலை சேர்த்துவிட்டேன், பதினோராவதுதான் கிடைக்கவில்லை. இன்று சாயங்கால மணியோடு இந்த வருஷச் சேர்க்கை முடிகிறது. எங்கள் ஊர்க் கப்பலும் அப்போதே கிளம்புகிறது. தங்கைக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. கண் வைத்தியம் படித்துவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். இனி என்ன முகத்தோடு போவேன்?"

கொழுந்தப்பருக்கு மனசு தாங்கவில்லை. அப்புறம்தான் ஒன்று உறைத்தது.

"அது சரி, இவ்வளவு நல்லாத் தமிழ் பேசுறியே, எங்கே கத்துக்கிட்டே?"

"இந்த வரிசையில் நின்றுதான் ஐயா."

அவ்வளவுதான். கொழுந்தப்பர் அவன் கையைப் பிடித்து, மூட்டையோடு நேரே அரண்மனைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே ராஜா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாரும் கொழுந்தப்பரே! நாளைக்கு அண்டை நாட்டு ராஜா கலாசாலையைப் பார்க்க வருகிறார். வெளிநாட்டு மாணவன் ஒருத்தனாவது உள்ளே இருக்க வேண்டும். ஆனால் விதி ஒன்றுகூட மாறக்கூடாது. செப்பேட்டில் என் கையெழுத்தல்லவா இருக்கிறது!"

"ஆகட்டும் மகாராஜா. ஓலைநாயகத்தைக் கூப்பிடுங்கள்."

வீரபத்திரர் வந்து வணங்கினார். கொழுந்தப்பர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மகாராஜா, தப்பெல்லாம் இவர்மேல்தான். வருகிறவன் முகத்தையே பார்ப்பதில்லை. ஓலையைப் பிரிப்பதுகூட இல்லை. இந்தப் பிள்ளை யாரென்றே இவருக்குத் தெரியாது."

வீரபத்திரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "எனக்கா தெரியாது? இவன் பேர் சூரியகீர்த்தி. அப்பா படகோட்டி. தங்கை பேர் மாலினி. முதல் வருஷம் ஓலையில் முத்திரை இல்லாமல் வந்தான், திருப்பி அனுப்பினேன். அடுத்த வருஷம் முத்திரை இருந்தது, ஆனால் சிவப்பு அரக்கு. நமக்குக் கறுப்பு அரக்கு. திருப்பி அனுப்பினேன். இந்த வருஷம் பிறந்த நட்சத்திரம் இல்லாமல் வந்தான். அலையவிட்டு அதையும் வாங்க வைத்தேன். இவன் இடது காதில் மச்சம். மழைக்காலத்தில் இருமுவான். மூன்று வருஷமாக ஒரு நாள் விடாமல் இவனைப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன்!"

"பேஷ்!" என்றார் கொழுந்தப்பர். ஓலையையும் எழுத்தாணியையும் அவர் முன்னால் வைத்தார். "இப்போது சொன்னதை அப்படியே எழுதும். பதினோராவது ஓலைக்கு உம்மைவிட நல்ல அதிகாரி எங்கே கிடைப்பார்?"

வீரபத்திரர் ஆடிப்போனார். ஆனாலும் லேசில் விடுகிற ஆளா அவர்!

"மகாராஜா! மூன்று வருஷம் இங்கேயே குடியிருந்தவன் எப்படி வெளிநாட்டான் ஆவான்?"

"அப்படியா? அப்போ உள்ளூர்க்காரன்" என்றார் கொழுந்தப்பர். "தம்பி, உன் பேரைச் சொல்லு."

"சூரியகீர்த்தி."

"சொல்லியாச்சு. உள்ளூர்க்காரனுக்கு அது போதும். ஓலைநாயகமே, எந்த வழியாக அனுப்புகிறீர்? மணி அடிக்கப்போகிறது."

"வெளிநாட்டான்தான்! வெளிநாட்டானாகவே எழுதும்!" என்று ராஜா பதறினார். வீரபத்திரர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். முத்திரையும் வைத்தார், கறுப்பு அரக்கில். சூரியகீர்த்தி ஓலையை வாங்கிக்கொண்டு கலாசாலையைப் பார்த்து ஓடிய ஓட்டத்தில், மூட்டையைக்கூட மறந்துவிட்டான்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சபாஷ் கொழுந்தப்பரே! உமக்கு ஒரு முத்துப்பல்லக்கு தந்தேன். ஓலைநாயகத்திடம் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளும்."

வீரபத்திரரின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. நிதானமாக வெற்றிலையை எடுத்து மடித்தார்.

கொழுந்தப்பர் சட்டென்று அந்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மகாராஜா, பவழத்தீவுக் கப்பலில் ஓர் இடம் காலியாகத்தானே போகிறது?"