பாசி நிறம் மாறின சுனை

ஒரு ஊர்ல ஒரு மலை. மலை உச்சிப் பாறையில, கல்யாண அண்டா அகலத்துக்கு ஒரு சுனை. அதுல விரல்விட்டு எண்ணுற அளவுக்குத்தான் தவளைங்க. எல்லாம் பாசி மாதிரிப் பச்சை. தவிட்டி ஒருத்தி மட்டும் தவிட்டு நிறம். ம் கொட்டணும்.

“ம்.”

அங்க பொண்ணு பாக்குற வழக்கமே வேற. பொண்ணு பாசிமேல உக்காரணும், மாப்பிள்ளை வீட்டார் கண்ணுக்குத் தெரியக் கூடாது. அவங்களுக்குத் தெரிஞ்சா காக்காவுக்கும் தெரியுமே. தவிட்டி மூணு தடவை உக்காந்து பாத்தா. மூணு தடவையும் பளிச்சுனு தெரிஞ்சுட்டா. அப்புறம் பாறை இடுக்கே கதின்னு கிடந்தா.

அப்போ மழை பொய்ச்சுப் போச்சு. பாசி காஞ்சு தவிட்டு நிறமாச்சு. இப்போ பச்சைத் தவளைங்கதான் பளிச்சுனு தெரிஞ்சுதுங்க. கா, கா, லபக்! தலைவர் பாசிமுத்து மாமா பஞ்சாயத்தைக் கூட்டி, நம்ம நிறத்துல குறையே இல்ல, பாசிதான் ஒழுக்கம் தப்பிடுச்சுன்னு தீர்ப்பு சொன்னாரு. சொல்லி முடிக்கிறதுக்குள்ள லபக், லபக். தூங்கிட்டியா?

“ம்ஹூம்.”

அப்புறம் மாமா தானும் சேறு பூசி, மிச்சமிருந்தவங்களுக்கும் பூசிவிட்டு, தவிட்டு நிறந்தான் ஆதியிலேர்ந்து நம்ம குல நிறம்னாரு. பூச மாட்டேன்னு நின்னவன் குருத்தன் ஒருத்தன்தான். அவனாலதான் காக்கா வருது, சுனையை விட்டே துரத்தணும்னாரு. வெளியில போனா அந்த வெயிலே அவனைக் கொன்னுடும். கையோட, தன் மகனுக்குத் தவிட்டியைப் பொண்ணும் கேட்டாரு.

தவிட்டி இடுக்கை விட்டு வந்தா. “எனக்குக் குருத்தன் போதும், மாமா.”

“காஞ்ச பாறையில பச்சையை வச்சுக்கிட்டு என்னடி பண்ணுவ?”

“காஞ்சே கிடக்கும்னு யாரு சொன்னா? இருக்கிறதே நாலு பேரு. இவனையும் துரத்திட்டா, நாளைக்குப் பச்சைக்கு எங்க போவீங்க?”

சொல்லிட்டு அவனை இழுத்துக்கிட்டு இடுக்குக்குள்ள போயிட்டா. முட்டையும் இட்டா.

அப்போ வந்துச்சு பாரு மழை, சடசட சடசடன்னு! விடவே இல்ல. மாமா மட்டும், குல நிறம் கரைஞ்சிடும்னு கல்லுக்கு அடியில பதுங்கிட்டாரு. மழை விட்டு அவர் வெளியில வந்தப்போ தவிட்டி பிள்ளைங்களுக்குக் கால் முளைச்சு வாலும் விழுந்தாச்சு.

“உன் பிள்ளைங்க எங்கடி? ஒண்ணையும் காணோமே?”

“பச்சையெல்லாம் உங்க முன்னாடி பாசியிலதான் இருக்கு, மாமா. தவிட்டு நிறமெல்லாம் இடுக்குல. நீங்கதான் பளிச்சுனு தெரியிறீங்க.”

மாமா கீழ பாத்தாரு, பாசி பச்சை. மேல பாத்தாரு...

கா!

கதை தண்ணிக்குள்ள குதிச்சாச்சு, நீ கண்ணை மூடிக்கோ.