இருபத்து மூன்றாம் நபர்

நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எந்த ஊர் என்பீர்கள். ஊரைச் சொன்னால் ஆளையே பிடித்துவிடுவீர்கள். ஐரோப்பாவில் கடலோரம் ஒரு சின்ன நாடு, நம் மாவட்டம் ஒன்றின் ஜனம்கூட அங்கே தேறாது. அது போதும்.

அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வைரமணி பேராசிரியர். பில் இல்லாத வியாபாரம், கையோடு கையாகத் தரும் கூலி, அரசுக்குத் தெரியாமல் நடக்கும் வேலை, இதையெல்லாம் நிழல் பொருளாதாரம் என்கிறார்கள். சின்ன நாடுகளில் அதை எப்படிக் குறைப்பது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

அவரிடம் மாணவராகச் சேர்ந்தவர் சூசைராஜ். மாணவர் என்றதும் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். தூத்துக்குடியில் இருபத்தெட்டு வருஷம் வணிக வரித்துறை அதிகாரியாக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஐம்பத்தாறு வயதில் முனைவர் பட்டத்துக்கு வந்திருந்தார். ஆசிரியரைவிடப் பதிமூன்று வயது மூப்பு. அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரைச் சார் என்பார்.

ஒரு நாள் காலை சூசைராஜ் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"மேடம், பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"உட்கார்ந்து சொல்லுங்க."

அவர் உட்காரவில்லை.

ஆறு மாதமாக இருபத்தேழு பேரைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்திருந்தார். எல்லாரும் பில் போடாமல் தொழில் செய்கிறவர்கள். பெயர் வெளியே வராது என்று ஒவ்வொருவரிடமும் நெஞ்சில் கைவைத்துச் சொல்லியிருந்தார். சொன்னபடி பெயரைப் போடவில்லை. அறிக்கையின் கடைசியில் ஓர் அட்டவணைதான் போட்டிருந்தார்.

நபர் 23: பெண். வயது 61. விதவை. தீவில் முடி திருத்தும் கடை. வியாழக்கிழமைகளில் நடக்க முடியாத முதியவர்கள் வீட்டுக்கே போய் வெட்டுகிறார். பணமோ மீனோ உருளைக்கிழங்கோ, கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார். பில் கிடையாது.

"போன வாரம் அமைச்சகக் கூட்டத்துல அறிக்கையைக் கொடுத்தேன் மேடம். ஒருத்தர் அந்தப் பக்கத்தைப் பார்த்துட்டுச் சிரிச்சார். 'அட, இது நம்ம இல்சே! எங்க அம்மாவுக்கு அவங்கதான் வெட்டுவாங்க'ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க."

"எல்லாருமா?"

"வரித்துறைக்காரர் ஒருத்தர் சிரிக்கல. குறிச்சுக்கிட்டார்." சூசைராஜ் அறிக்கையை மேஜைமேல் வைத்தார். "அபராதம் போட்டா அந்தக் கடை தாங்காது மேடம். மூணு மணி நேரம் எனக்குக் காபி போட்டுக் கொடுத்துப் பேசுனாங்க."

"இவ்வளவு விவரம் எதுக்கு எழுதினீங்க?"

"விவரம் இல்லாட்டி யாரு நம்புவா? பழக்கம் மேடம். நம்ம ஊர்ல அறுபத்தோரு வயசு விதவைன்னு எழுதினா லட்சம் பேர் வருவாங்க."

"இங்க?"

"ஒரே ஒருத்தர்."

வைரமணி அறிக்கையை எடுத்துப் புரட்டினார். "நாலாம் நபர், படகு ரிப்பேர், இரட்டைப் பெண் பிள்ளைங்க. இவரை எனக்குத் தெரியும். எங்க தெருக்கோடி வீடு. ஒன்பதாம் நபர், தேன் விக்கிறவர், முன்னாள் பள்ளிக்கூட வாத்தியார். இவரையும் தெரியும். பதினாலு..."

"போதும் மேடம்."

"முடிவுரையில என்ன எழுதியிருக்கீங்க?"

"மக்களுக்கு நம்பிக்கை வந்தா அவங்களே பில் போடுவாங்க. நிழல் பொருளாதாரம் தானா குறையும்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சூசைராஜ் கையை நீட்டி அறிக்கையை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். முகம் கறுத்துப்போய்விட்டது.

"அந்த அட்டவணையைக் கிழிச்சுடட்டுமா?"

"அமைச்சகத்துல நாப்பது பிரதி இருக்கு. வாங்க, பத்தே முக்காலுக்குத் தீவுக்குப் படகு."

படகில் அவர் சொல்ல வேண்டியதை நோட்டில் எழுதி எழுதி அடித்தார். எத்தனையோ கடைகளில் சோதனைக்குப் போனவர்தான். வாசலில் இவர் ஜீப் நின்றால் உள்ளே இருப்பவர்கள் பயப்படுவார்கள். இன்றைக்குப் பயம் இவருக்கு.

இல்சே கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். சூசைராஜ் வாயைத் திறப்பதற்குள், "தெரியும்" என்றார். "அன்று மாலையே அந்த அமைச்சகக்காரரின் அம்மா போன் செய்துவிட்டார்."

கண்ணாடிக்குக் கீழே வரித்துறைக் கடிதம் ஒன்று பிரித்துக் கிடந்தது.

"என்னை மன்னிக்கணும். பெயர் வராதுன்னு சொன்னேன்..."

"பெயர் வரவில்லையே. பரவாயில்லை, உட்காருங்கள். முடி வளர்ந்திருக்கிறது."

போன முறை நீ, வா, போ என்று உரிமையோடு பேசிய பெண்மணி. இப்போது நீங்கள் என்றார். சூசைராஜுக்கு அதுதான் சுருக்கென்றது. மறுக்கத் தைரியம் இல்லாமல் உட்கார்ந்தார். வைரமணி ஓரத்துப் பெஞ்சில் அமர்ந்துகொண்டார்.

பாதி வெட்டும்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு கிழவர் வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய மீன்.

"இல்சே, வியாழக்கிழமை ஏன் வரவில்லை? என் மனைவி காத்துக்கொண்டே இருந்தாள்."

"இனி வீட்டுக்கு வர முடியாது, யானிஸ். அவளைக் கடைக்குக் கூட்டி வா. பணம்தான் வாங்க முடியும்."

"அவள் கட்டிலை விட்டே எழுந்திருப்பதில்லை. உனக்குத் தெரியாதா?"

இல்சே திரும்பிக்கொண்டார். சீப்பைத் துடைத்தார். கிழவர் மீனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நாற்காலியில் இருக்கும் வெளியூர்க்காரரைப் பார்த்தார். பிறகு போய்விட்டார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க முடியாமல் சூசைராஜ் கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

வெட்டி முடிந்தது. பணம் கொடுத்தார். இல்சே புதிதாக வாங்கிய பில் மிஷினில் தட்டினார். கிர்ரென்று ஒரு சீட்டு வந்தது. அதைக் கிழித்து இரண்டு கையாலும் நீட்டினார். சிரித்தார்கூட.

திரும்பும் படகில் சூசைராஜ் அந்தச் சீட்டைக் கையிலேயே வைத்திருந்தார். காற்றில் பறந்துவிடாமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"வக்கீல் வைக்கிற செலவை நான் பார்த்துக்கிறேன். அந்த அதிகாரியையும் போய்ப் பார்க்கிறேன். கால்ல விழணும்னாலும் விழுறேன்."

"செய்யுங்க. செய்யத்தான் வேணும்."

சூசைராஜ் சீட்டை மடித்து, மறுபடி பிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒரு வார்த்தை திட்டல மேடம். உட்கார வச்சு வெட்டிவிட்டாங்க. நான் கேட்கக்கூட இல்ல, பில் கொடுத்தாங்க, சிரிச்சாங்க. என்னை மன்னிச்சுட்டாங்கன்னு எடுத்துக்கலாமா?"

வைரமணி அவர் கையில் இருந்த சீட்டைப் பார்த்தார்.

"சர்வீஸ்ல இருந்தப்ப, கேட்காமலே உங்களுக்குப் பில்லை நீட்டின கடைக்காரங்க இருந்தாங்களா சார்?"

"நிறையப் பேர் மேடம். நான் யாருன்னு தெரிஞ்சா போதும், சிரிச்சுக்கிட்டே நீட்டிருவாங்க."

"இல்சேவுக்கும் இப்பத் தெரிஞ்சிருக்கு."