கொடியேறிய சின்னம்

முன்னொரு காலத்தில் ரோமாபுரியில் ஒரு சின்னம் ஒளிந்து வாழ்ந்தது. கிரேக்கத்தில் எழுதிய கிறிஸ்துவின் பெயரில் முதல் இரண்டு எழுத்துகளைப் பின்னிப் போட்டால் அதுதான் சின்னம். அவருடைய மதம் தடைசெய்யப்பட்டிருந்ததால், அடியார்கள் நிலத்தடிக் கல்லறைச் சுவர்களில் அதைக் கரித்துண்டால் வரைவார்கள்; காவலர் காலடி கேட்டால் அவசரமாக அழித்துவிடுவார்கள்.

காலம் மாறியது. பேரரசரே அதன் பக்கம் வந்துவிட்டார். ஊதாப் பட்டில் தங்க நூலால் அதைத் தைத்து, படையின் கொடிக்கம்பத்தில் ஏற்றினார்கள். சின்னத்துக்குத் தலைகால் புரியவில்லை. பாவம், அதுவரை வெயிலையே பார்க்காத பிறவி.

அதுவரை படையின் அடையாளமாக அந்தக் கம்பத்தில் வீற்றிருந்த வெண்கலக் கழுகைக் கழற்றி வண்டியில் போட்டிருந்தார்கள். சின்னம் அதற்கு ஆறுதல் சொன்னது. இனி இந்தப் படை சாந்தமாகிவிடும், நான் போகும் வழியில்தானே வரும் என்றது.

கழுகு கோபப்படவில்லை. "நாம் எங்கும் போவதில்லை, தம்பி. நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்."

பதவி போனவன் பொறாமையில் பேசுகிறான் என்று சின்னம் எடுத்துக்கொண்டது.

முதல் போர் மழை ஓய்ந்த ஒரு வயலில் நடந்தது. கொடி தூக்கியவன் பெயர் ரூபினு. கொடி நடந்தால் படை நடக்கும், கொடி நின்றால் படை நிற்கும். அதுதான் அவர்கள் வழக்கம். எதிரிகள் சிதறி ஓடினார்கள். தொடையில் வெட்டுப்பட்ட ஒருவன் மட்டும் ஓட முடியாமல் ரூபினுவுக்கு முன்னால் விழுந்தான். அண்ணாந்து கொடியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. விரலால் சேற்றில் அதே சின்னத்தை வரைந்தான்.

சேற்றுச் சின்னம் மேலே பார்த்துச் சொன்னது: "இவனுக்காகக் கொஞ்சம் நில்."

ரூபினு நின்றான். படையும் நின்றது. தங்கச் சின்னம் மகிழ்ந்துபோனது.

தளபதி குதிரையில் வந்து, ஏன் நிற்கிறாய் என்று கேட்டார்.

"ஐயா, கீழே நம்மவன் ஒருவன் கிடக்கிறான்."

தளபதி குனிந்துகூடப் பார்க்கவில்லை. "நம்மவர்கள் எல்லாரும் கொடிக்குப் பின்னால் இருக்கிறார்கள். நட."

நடக்காதே ரூபினு என்று தங்கச் சின்னம் கெஞ்சியது. பட்டு படபடத்தது, அதனால் முடிந்தது அவ்வளவுதான். ரூபினு ஒரு மூச்சு நேரம் தயங்கினான். பிறகு நடந்தான். அவன் பின்னால் ஆயிரம் பேர் அதே சேற்றை மிதித்து நடந்தார்கள்.

மாலையில் வெற்றி வழிபாடு. நட்டுவைத்த கொடியை, தளபதி முதல் சமையற்காரன் வரை எல்லாரும் அண்ணாந்து கும்பிட்டார்கள். சின்னத்துக்கு அந்த உயரம் கூசியது.

ரூபினுவும் மண்டியிட்டிருந்தான். அவன் மட்டும் தரையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.