திருடு போன மண்

“அம்மா, என் மண்ணை யாரோ திருடுறாங்க.”

தில்லைநாயகம் இப்படிச் சொன்னபோது வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலைமேல் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் தலைவி. வயதில் தில்லைநாயகத்தைவிட இளையவர்.

“எவ்வளவு போச்சு?”

“வாய்க்கால் ஓரமா நெடுக ஒரு சாண் இறங்கிருக்கு. அளந்துட்டுத்தான் சொல்றேன்.”

அளக்காமல் எதையும் சொல்லும் ஆள் இல்லை அவர். அரிசி ஆலை நடத்தி, அதை மகள் கையில் கொடுத்துவிட்டு மலையேறியவர்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்து சேருகிறவருக்கு ஒரு துண்டு நிலம் கொடுப்பார்கள். குருபூசையன்று ஊரார் மலையேறி வருவார்கள். அப்போது ஒவ்வொருவரும் தம் நிலத்தில் நின்று, தாம் செய்ததைத் தாமே காட்ட வேண்டும்.

மற்றவர்கள் நிலத்தில் நாவலும் பலாவும் தழைத்து நின்றன. தில்லைநாயகத்துக்கு வாய்த்ததோ புல் முளைத்த சதுப்பு. கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கும்.

விதியே என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. தண்ணீர் வடியக் குறுக்கே ஆழமாக ஒரு வாய்க்கால் வெட்டினார். சதுப்பு காய்ந்தது. இனி கன்று நட வேண்டியதுதான் பாக்கி. இந்தக் குருபூசைக்கு மகளும் வருகிறாள், அப்பா மலையில் போய் என்ன சாதித்துவிட்டார் என்று பார்க்க. அவள் முன் தலைகுனிந்து நிற்க முடியாது.

அதற்குள் மண் இறங்கிக்கொண்டே போனது. அவர் அடித்துவைத்த முளைக்குச்சிகள், ஈறு இறங்கின பற்களைப் போல வெளியே துருத்திக்கொண்டிருந்தன.

“யார் மேல சந்தேகம்?” என்று கேட்டார் வடிவம்மை.

“சிவக்கொழுந்து மேலதான். அவரு பலாமரம் மட்டும் எப்படி அப்படிக் கொழுக்குது?”

அடுப்படியில் பாத்திரம் உருண்டது. சமையல் பார்க்கும் சிவக்கொழுந்து தலையை நீட்டினார்.

“மில்லுக்காரரே, ஒரு குடம் தண்ணி தூக்கவே நான் மூணு இடத்துல உக்காருறவன். உங்க சேத்தைத் தூக்கி நான் எங்க ஒளிச்சுவைக்க?”

“மழையும் பேயலை. காத்தும் வாரிட்டுப் போகலை. பின்ன எங்க போச்சு?”

வடிவம்மை கீரையை ஒதுக்கிவைத்தார்.

“வாய்க்கால்ல வெட்டிப்போட்ட மண்ணு கரையில காஞ்சு கிடக்குமே. ஒரு கூடை கொண்டாங்க.”

கொண்டுவந்தார். கருகருவென்று கட்டி கட்டியாக இருந்தது. கனமே இல்லை.

“அடுப்புல போடுங்க.”

“மண்ணையா?” சிவக்கொழுந்து சிரித்தார். “இந்தக் குருபூசைக்கு மண் சோறுதானா?”

தில்லைநாயகம் ஒரு கட்டியைப் பிட்டார். உள்ளே நார் நாராக இருந்தது. கண்ணருகே கொண்டுபோனார். புல்வேர். புல்தாள். ஒரு இலை, நரம்புகூடக் கலையாமல்.

“இது எந்தக் காலத்துப் புல்லும்மா?”

“உங்க பாட்டனுக்குப் பாட்டன் பிறக்கிறதுக்கு முன்னாடி காத்தைக் குடிச்சு வளர்ந்தது. தண்ணிக்குள்ள சாய்ஞ்சதால மக்காமக் கிடந்துச்சு. அதுமேல அடுத்த புல்லு. அதுமேல அடுத்தது.”

தில்லைநாயகம் கட்டிகளை அடுப்பில் போட்டார். முதலில் புகைந்தன. பிறகு ஓரம் சிவந்து கனன்றன. உலை கொதித்தது. சிவக்கொழுந்துக்குச் சிரிப்பு நின்றுபோனது.

கூடை காலியாகி அடுப்பும் ஆறியது. வடிவம்மை சாம்பலை வழித்துத் தில்லைநாயகத்தின் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பிடிகூடத் தேறவில்லை.

“மீதி எங்கய்யா?”

தில்லைநாயகம் அண்ணாந்து பார்த்தார். ஓட்டு இடுக்கில் கடைசிப் புகை நெளிந்து வெளியேறிக்கொண்டிருந்தது.

“ஆனா அங்க நான் தீ வைக்கலையேம்மா.”

“காய வச்சீங்க. தண்ணி காவல் இருந்துச்சு, அதை வடிச்சு விட்டுட்டீங்க. இங்க நடந்ததுதான் அங்கயும் நடக்குது. மக்கி மக்கிக் காத்தாப் போகுது. மெதுவா நடக்குது, புகை கண்ணுக்குத் தெரியலை.”

 தில்லைநாயகம் சாம்பலோடு சிவக்கொழுந்திடம் போனார்.

“திருடன் நான்தான். மன்னிச்சுக்கங்க.”

“மம்மட்டி ஒண்ணு போதுமா, ரெண்டு எடுத்துட்டு வரட்டுமா?” என்றார் சிவக்கொழுந்து.

கீழ்ச்சரிவிலிருந்து களிமண் சுமந்து வாய்க்காலை அடைத்தார்கள். மேலே புல்பத்தைகளை வேரும் மண்ணுமாகப் பெயர்த்துவைத்து, தையல் தெரியாதபடி மிதித்துச் சேர்த்தார்கள். வாங்கிவைத்த கன்றுகள் சிவக்கொழுந்தின் நிலத்துக்குப் போயின. மெல்லத் தண்ணீர் ஏறியது. புல் வேர் பிடித்தது.

குருபூசையன்று ஊரார் வந்தார்கள். நாவல் மரங்களை வியந்தார்கள். பலாவைத் தட்டிப்பார்த்தார்கள். கடைசியில் சதுப்பின் ஓரம் வந்து நின்றார்கள். புல்லும் தண்ணீரும்தான் இருந்தன.

யாரோ கிசுகிசுத்தார்கள். மகள் பூங்கோதைக்கு முகம் சுருங்கியது.

“அப்பா, இத்தனை நாளா இங்க என்னதான் செஞ்சீங்க?”

தில்லைநாயகம் கையை நீட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காட்டினார்.

“இதோ, இப்படிக் குறுக்கால ஒரு பெரிய வாய்க்கால் இருந்துச்சு.”

பூங்கோதை குனிந்து பார்த்தாள். தள்ளி நின்றும் பார்த்தாள்.

“எங்கப்பா? ஒண்ணுமே தெரியலையே!”

ஆலை திறந்த அன்றுகூட அவர் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்றதில்லை.

“தெரியலைல்ல?” என்றார்.