அரியணை ஏறிய பிஞ்சு

முன்னொரு காலத்தில் சுரபுன்னை நாட்டை மகரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பது சும்மா மரியாதைக்கு. காலையில் ஓர் ஆணை போடுவார், மாலையில் அதை ரத்து செய்ய இன்னோர் ஆணை போடுவார். நடுவில் நாட்டை நடத்தியவள் அமைச்சர் அபரஞ்சி.

அந்த அபரஞ்சி ராப்பகலாய்ப் பாடுபட்டுத் தொகுத்த நிகண்டு, அதாவது சொல்லகராதி, ஒருநாள் சபையேறியது. புலவர் வளர்ச்சிச் சொற்களை வாசிக்க ஆரம்பித்தார்.

"முளை, தளிர், கொழுந்து, நாற்று, கன்று, அரும்பு, மொட்டு, வடு, பிஞ்சு, குரும்பை, இளநீர்..."

ராஜாவுக்குச் சாப்பாட்டு நேரம். வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார். இதற்கென்றே காத்திருந்தவர்போல் கருவூல அதிகாரி பரமானந்தர் எழுந்தார். அமைச்சர் நாற்காலிமேல் அவருக்கு நெடுநாள் கண்.

"மகாராஜா, ஒரு தேங்காய்க்கு எத்தனை பெயர்! ஓலைக்குக் கேடு. முழுசாய் வளர்ந்தபின் என்ன பெயரோ, அதையே முளையிலிருந்து சொல்லிவிட்டால் தீர்ந்தது."

"அட, நல்ல யோசனை! இன்றுமுதல் அதுதான் சட்டம். மற்ற சொல்லெல்லாம் நீக்கம்" என்றார் ராஜா.

அபரஞ்சிக்கு உள்ளே கொதித்தது. சமையலறை எந்தத் திசை என்று தெரியாத இரண்டு ஆண்பிள்ளைகள் வடுவுக்கும் பழத்துக்கும் வித்தியாசமில்லை என்கிறார்கள்! ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"மன்னா, நீக்கிய சொல் ஒன்றையாவது நாளை பொழுது சாய்வதற்குள் தாங்களே சொல்லிவிடுவீர்கள். சொல்லாவிட்டால் பதவியை விட்டுப் போய்விடுகிறேன். நிகண்டையும் என் கையாலேயே அடுப்பில் போடுகிறேன்."

"நானா? வாயைத் தைத்துக்கொண்டாவது ஜெயிப்பேன்!" என்றார் ராஜா. பரமானந்தர் அன்றே அமைச்சர் நாற்காலிக்குப் புது மெத்தை தைக்கச் சொல்லிவிட்டார்.

அபரஞ்சி அரண்மனை முழுக்க ஒரே உத்தரவு போட்டாள். "சட்டப்படி நடங்கள். ஒரு எழுத்து பிசகக் கூடாது."

மறுநாள் காலை ராஜா மாம்பழம் கேட்டார். தங்கத் தட்டில் சுண்டுவிரல் நுனியளவு பச்சை மாவடு வந்தது.

"இது என்னய்யா?"

"மாம்பழம், மகாராஜா. சட்டப்படி" என்றான் பரிசாரகன்.

கடித்தார். முகம் எட்டுக் கோணலாகிப் போனது. "ஆகா, தித்திப்பு!" என்றார், கண்ணில் நீர் வழிய.

வெயிலேறியதும் தாகம். இளநீர் என்று சொல்ல வாயெடுத்தவரின் காதில் பரமானந்தர் "ஜாக்கிரதை, மன்னா!" என்று கிசுகிசுத்தார். தேங்காய் என்று கேட்டார். உள்ளே தண்ணீர் வற்றிய முற்றல் வந்தது. அதையும் கடித்து மென்றார், பிடிவாதக்காரர். பொழுது மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. அபரஞ்சி சன்னல் வழியே வெயிலை அளந்து பார்த்தாள். நிகண்டு அடுப்புக்குப் போய்விடுமோ?

நேரே அந்தப்புரம் போனாள். ராஜாவின் ஒரே மகள் நித்திலவல்லிக்கு ஐந்து வயது.

"அரசியாரே, சபைக்கு எழுந்தருள வேண்டும்."

"நான் அரசியா?"

"வளர்ந்தபின் தாங்கள் அரசிதானே, தாயே? சட்டப்படி இப்போதே அரசி."

கட்டியக்காரன், "அரசியார் வருகிறார்!" என்று முழங்கினான். ராஜா திகைத்து எழுந்ததுதான் தாமதம், குழந்தை அரியணையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"மீசை மாமா, குதிரை!" என்றது பரமானந்தரைப் பார்த்து. அரசி ஆணை ஆயிற்றே! மனிதர் மண்டியிட்டுத் தவழ்ந்தார். ராஜா தொந்தி குலுங்கச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் அபரஞ்சி, கையில் கிளியோடு காத்திருந்த அண்டை நாட்டுத் தூதரை உள்ளே அழைத்தாள். நம் பேரேரியைக் கேட்டு நாள்தோறும் நச்சரிக்கும் மனிதர் அவர். அரியணையிலிருந்து தூதர் முன் சொன்ன சொல்லை மீற முடியாது என்பது சுரபுன்னை நாட்டு வழக்கம்.

"அரசியாரே, பேரேரியை எங்களுக்குத் தர வேண்டும்."

"உன் கையில இருக்கிற கிளியைத் தருவியா?"

"தாராளமாக!"

"அப்ப ஏரி உனக்கு..."

"நிறுத்து!" ராஜா பாய்ந்தார். "அது செல்லாது! அவள்... அவள் இன்னும்... யோவ் பரமானந்தம், அவள் அரசியில்லை என்று சொல்லய்யா!"

"அரசிதான், மன்னா. தாங்கள் போட்ட சட்டம்" என்று குதிரை முனகியது.

"அரசியார் சொன்னால் சொன்னதுதானே?" என்று தூதர் சிரித்தபடி ஓலையை நீட்டினார்.

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "அரசியாவது, மண்ணாவது! அவள் இளவரசி, ஐயா! பச்சைப் பிஞ்சு! முளைத்து மூன்று இலை விடாத குழந்தை!"

சபையே கொல்லென்று சிரித்தது. சன்னல் வழியே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அரசியே இல்லையென்று ஆனபின் ஏரி ஏது? தூதர் ஓலையைச் சுருட்டிக்கொண்டார்.

ராஜா அசடு வழிந்தார். ஆனாலும் மனிதர் நல்லவர். "தோற்றேன், அபரஞ்சி. சட்டம் ரத்து. உன் நிகண்டை ஊருக்கு ஊர் படியெடுத்து அனுப்பு. செலவு பரமானந்தர் சம்பளத்தில். தினமும் காலையில் வளர்ச்சிச் சொற்களை அவரே சபையில் ஒப்பிக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒன்று சொல். அந்தச் சொற்களில் என் புத்திக்கு எது பொருந்தும்?"

"அரும்பு, மன்னா. இன்றைக்குத்தான் விட்டிருக்கிறது."

"போக்கிரி! பரமானந்தருக்கு?"

அபரஞ்சி குனிந்து, இன்னும் மண்டியிட்டிருந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விதை போட்டபின் சொல்கிறேன், மன்னா."